பாதி பாட்டில் பிரேக் ஆயில்

ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி மூன்று தடவை ஆள் அனுப்பினீர்கள். இரண்டு தடவை முடியாது என்றேன். இப்போது எழுதுகிறேன், ஆனால் தமிழில்தான் எழுதுவேன். இங்கிலீஷில் எழுத எனக்கு வராது. இந்தியில் எழுத உட்கார்ந்தால் பாதிக்கு மேல் வசவுதான் வரும். முப்பது வருஷம் மும்பை வடாலாவில் மெக்கானிக் வேலை பார்த்தவனுக்கு அந்த மொழியில் அந்தப் பகுதிதான் சரளம். உங்களில் பாதிப் பேர் தாராவியிலும் சீத்தா கேம்ப்பிலும் பிறந்தவர்கள். தமிழ் பேசுவீர்கள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவீர்கள். வீட்டில் அம்மாவிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளை என்ன வேலைக்குப் போகிறது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

என் பெயர் முருகேசன். ஒர்க்‌ஷாப்பில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, 'பிரேக் அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். பணக்காரர்கள் தங்கள் ஸ்போர்ட்ஸ் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோகும்போது, கூடவே போய் பிரேக்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மும்பை ரோட்டில் அந்தக் கார்களுக்கு மூன்றாவது கியர் போடவே இடம் கிடையாது. சயான் சர்க்கிளில் ரிக்‌ஷாவுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு நிற்கும். அதனால்தான் டிராக்குக்குப் போகிறார்கள்.

டிராக்கில் பிரேக் என்றால் சூடு. அவ்வளவு வேகத்தில் வரும் வண்டியை ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து அமுக்கும்போது, அந்த வேகம் முழுவதும் சூடாக மாறி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் இறங்குகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கருவியைப் பற்றியும் அளவைப் பற்றியும் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு.

சூட்டில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். ஒன்று, டிஸ்க்கைக் கவ்வும் பேட் தீய்ந்துபோகும். அப்போது பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இன்னொன்று, உள்ளே ஓடும் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கால் தரையைத் தொடும். ஆகவே வண்டி உள்ளே வந்ததும் நான் ஓட்டியவரிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பெடல் கல்லா இருந்துச்சா, பஞ்சா இருந்துச்சா?" கல் என்றால் பேட்டையும் ஓட்டியவரின் காலையும் பார்ப்பேன். பஞ்சு என்றால் ஆயிலைப் பார்ப்பேன். இந்தக் கேள்வியை வைத்தே எனக்குப் பெயர் வந்தது. மற்ற ஒர்க்‌ஷாப்காரர்கள்கூட என்னைப் போலவே இழுத்துக் கேட்டுக் கிண்டல் பண்ணுவார்கள்.

மும்பைக்காரர்கள் டிராக்குக்கு வந்தால் மும்பைப் பழக்கத்தையும் கூட்டிக்கொண்டு வருவார்கள், இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஜவுளிக்கடை முதலாளி, எட்டு ரவுண்டு பறந்துவிட்டு உள்ளே வந்து வண்டியை நிறுத்தினார். நிறுத்தியதும் கை தானாகப் போய் ஹேண்ட்பிரேக்கை இழுத்தது. சிக்னலில் இழுத்து இழுத்துப் பழகிய கை. பழுக்கக் காய்ந்த டிஸ்க்கை பேட் அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டது. விட்டபோது டிஸ்க்கில் ஒரு இடம் மட்டும் தடித்துப்போய், வண்டி வழியெல்லாம் உதறிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தது. இதைப் பார்த்து நான் அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். பழக்கம் என்பது ஓட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது. மிச்சத்தைத் தூக்கிப் போட மனசு வராது. எங்கள் வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் வளர்ந்தோம். காலி டப்பாவுக்குக்கூட எங்கள் அம்மா ஒரு வேலை கொடுத்துவிடுவாள். ஒர்க்‌ஷாப்பிலும் பாதி பாட்டில் பிரேக் ஆயில் மிஞ்சினால் மூடியை இறுக்கித் திருகி, துணியால் துடைத்து அலமாரியில் வைத்துவிடுவேன். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். குடித்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். இது எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று ஒரு சமாதானம்.

வடாலாவில் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உப்பு ஜாடியில் உப்பு அழும். டப்பாவுக்குள் இருக்கிற அப்பளமே நமுத்துப்போகும். அப்படி வைத்த ஒரு பாதி பாட்டில், ஒரு வருஷம் ஜூனிலிருந்து அக்டோபர் வரைக்கும் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. நடுவில் இரண்டு தடவை திறந்து கொஞ்சம் எடுத்திருக்கிறேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

அந்த அக்டோபரில் ஆறு கார்களைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தோம். அதில் ஒன்று டாக்டர் வத்சலாவுடையது. மாட்டுங்காவில் பேர் பெற்ற எலும்பு டாக்டர், அப்போது ஐம்பத்தாறு வயது. காட்டன் புடவையில் கிளினிக்குக்குப் போகிற அம்மாள், டிராக்கில் ஹெல்மெட்டை மாட்டினால் ஆளே வேறு. நான் பார்த்தவர்களில் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் அவர் ஒருவர்தான். 'இந்த வளைவில் இப்படி மிதியுங்கள்' என்றால் அடுத்த ரவுண்டில் அப்படியே மிதிப்பார். அவர் வண்டிக்குக் கடைசியாக முன்சக்கரங்களுக்குப் புது ஆயில் ஏற்றும்போது பாட்டில் தீர்ந்துவிட்டது. சீல் உடைக்காத பாட்டில் இன்னொன்று டிராக்குக்குக் கொண்டுபோகும் பெட்டியில் இருந்தது. பெட்டியைக் கட்டி லாரியில் ஏற்றியாகிவிட்டது. கை அலமாரிக்குப் போனது.

டிராக் மும்பையிலிருந்து ஒரு நாள் பயணம். காலையில் முதல் தடவை டாக்டர் மெதுவாக ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை. பதினொரு மணிக்கு இரண்டாவது தடவை. எட்டு ரவுண்டு ஓட வேண்டியவர் ஆறாவதிலேயே உள்ளே வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"முருகேசன், பெடல் கொஞ்சம் கீழே போறாப்ல இருக்கு. கடைசி ரெண்டு ரவுண்டு அப்படித்தான் இருந்தது."

கல்லா பஞ்சா என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் கேட்பானேன்? பஞ்சுதான் என்பது அவர் வாயாலேயே வந்துவிட்டது. அதை அவர் காலின் குற்றமாக வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டேன்.

"டாக்டர், நீங்க பிரேக்க ரொம்ப நேரம் லேசா மிதிக்கீங்க. சயான்ல ஓட்டுத மாதிரி. காலை அதும்மேலயே வச்சிருந்தா சூடு ஏறத்தான் செய்யும். நூத்தம்பது பலகையில மிதிக்காதீங்க. நூறு பலகை வரைக்கும் தைரியமா வாங்க, வந்து ஒரே அமுக்கு. டக்குனு விட்டுருங்க."

நேர் ரோட்டின் முடிவில் வளைவுக்கு இன்னும் எத்தனை மீட்டர் என்று காட்டும் பலகைகள் அவை. நான் சொன்னதில் தப்பே இல்லை. அவர் லேசாக மிதிக்கிறவர்தான். பொய்யைச் சொல்லியிருந்தால் எனக்கே நெஞ்சு குறுகுறுத்திருக்கும். இது உண்மையாக இருந்தது, அதுதான் வம்பு.

டாக்டர் தலையாட்டினார். சின்ன நோட்டில் 'நூறு, ஒரே அமுக்கு' என்று எழுதிக்கொண்டார். சாப்பிடப் போனார்.

யூசுப் டயர் பார்க்கிறவன். சீத்தா கேம்ப்காரன், என்னோடு இருபது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவன். சூடு பார்க்கும் கருவியோடு ஆறு வண்டியையும் சுற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, ஆறு வண்டி டிஸ்க்கும் ஒண்ணுபோலத்தான் சுடுது. டாக்டர் வண்டி அதுல கொஞ்சம் கம்மி. அப்ப அதுல மட்டும் ஏன் பெடல் இறங்குது?"

"நீ ஒன் சோலியப் பாருடே. டயர்ல காத்து இருக்கான்னு பாரு."

அவன் கருவியை எடுத்துக்கொண்டான். நான் அவனிடம் அப்படிப் பேசியதே இல்லை. எழுந்து போய்விட்டான். அவன் போன பிறகு சோற்றுப் பொட்டலத்தை மூடி வைத்தேன். அலமாரி, பாட்டில், துணியால் துடைத்தது, எல்லாம் வரிசையாக வந்து நின்றது. இனிமேல் எனக்குத் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியாது.

வண்டியில் ஏறி பெடலை மிதித்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. ஒரு மணி நேரம் ஆறியிருந்ததால் ஆவி அடங்கியிருந்தது. ஆறின பெடலை ஒருநாளும் நம்பாதீர்கள். நான் நம்பவில்லை. ஆனால் அது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாவது தடவை தொடங்கப் பத்து நிமிஷம் இருந்தது. பெட்டியில் புது பாட்டில் இருக்கிறது. பழைய ஆயிலை இறக்கிப் புதிதை ஏற்றிக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்க முக்கால் மணி நேரமாவது ஆகும், அதற்குள் அன்றைய கடைசி ஓட்டம் முடிந்துவிடும். 'ஏன் நிறுத்தினாய்' என்று எங்கள் முதலாளி சேட் கேட்பார். அவர் பக்கத்திலேயே மற்ற ஐந்து வாடிக்கையாளர்களும் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பிரேக் அண்ணாச்சி மழையில் ஊறின ஆயிலை ஊற்றிவிட்டார் என்று சொல்ல வேண்டும். அதைவிட மோசம், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தப்பு டாக்டரின் காலில்தான் என்று உபதேசம் பண்ணியிருக்கிறேன். அதையும் சேர்த்து விழுங்க வேண்டும். இதெல்லாம் எழுதப் பத்து வரி ஆகிறது. மனசுக்குள் ஒரு நொடிதான் ஆனது.

டாக்டர் வந்து ஏறினார். பெல்ட் போட்டுக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் குனிந்தேன்.

"டாக்டர், மூணு ரவுண்டு போதும். உள்ள வந்துருங்க."

"ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல. பேட் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்னுதான்."

கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். மூன்று என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன். முழுக்கச் சொல்லாமலும் முழுக்க மறைக்காமலும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே நின்றால் போதும் என்று நினைத்துவிட்டேன். அப்படி ஒரு இடம் கிடையாது, பிள்ளைகளே.

சுவர் ஓரம் நின்று பார்த்தேன். முதல் ரவுண்டு நன்றாகப் போனது. இரண்டாவது ரவுண்டில் நேர் ரோட்டில் வந்தார். நூற்றைம்பது பலகையைத் தாண்டினார், பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடி நூறு பலகையில் எரிந்தது. பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு தரையைப் பார்த்துக் குனியும். விளக்கு எரிகிறது, மூக்கு குனியவில்லை. வண்டி அதே வேகத்தில் போகிறது. நூற்றைம்பதில் மிதித்திருந்தாலாவது இன்னும் ஐம்பது மீட்டர் இருந்திருக்கும். அந்த ஐம்பது மீட்டரைப் பிடுங்கிக்கொண்டவன் நான்.

விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. பெடலைத் திரும்பத் திரும்ப மிதிக்கிறார். கியரைக் குறைக்கும் சத்தம் கேட்டது, ஒன்று, இன்னொன்று. வளைவில் திரும்ப முயலவில்லை, வண்டியைப் பிடித்து நிறுத்த வளைவோரம் கொட்டியிருக்கும் ஜல்லிக்குள் நேராக விட்டார். தூசி எழும்பியது. வண்டி ஒரு சுற்று சுற்றியது தூசிக்குள் மங்கலாகத் தெரிந்தது. அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. 'முருகா' என்றுகூட எனக்கு வரவில்லை. யூசுப் என் பக்கத்தில் வந்து நின்றான்.

தூசி அடங்கியபோது, டயர் அடுக்கிய சுவருக்கு ஒரு ஆள் நீளம் முன்னால் வண்டி நின்றிருந்தது. கதவு திறந்தது. டாக்டர் இறங்கினார். பக்கத்தில் கொடி காட்ட நின்ற ஆளுக்கு, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். டாக்டர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். புருவமெல்லாம் தூசி. சேட், வாடிக்கையாளர்கள், எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"சாரி முருகேசன். நூறுல மிதிக்கணும்னேள். நான் லேட் பண்ணிட்டேன் போல இருக்கு. பெடல் உள்ளே போயிடுத்து, பயந்துட்டேன்."

சேட் உடனே, "ஹோதா ஹை டாக்டர், ஹோதா ஹை," என்று, இதெல்லாம் நடக்கிறதுதான் என்பதுபோலத் தோளைத் தட்டினார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. நான் எதுவும் பேச வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், அவர் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை.

குடித்துவிட்டு டாக்டர் தன் வலது காலைப் பார்த்தார். காலை இரண்டு தடவை மடக்கி நீட்டினார். எலும்பு டாக்டர் அல்லவா, நோயாளியின் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வயசாயிடுத்தோ என்னவோ. கால் முன்னே மாதிரி இல்லையோன்னு தோணறது. நீங்க உண்மையைச் சொல்லுங்கோ, இனிமே நான் ஓட்டலாமா? வேண்டாம்னா இன்னியோட விட்டுடறேன். நீங்க சொன்னா நான் கேட்டுப்பேன்."

அங்கேதான் என்னால் முடியவில்லை. பயத்தில்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டேன். இந்த நம்பிக்கைக்கு முன்னால் முடியவில்லை.

"டாக்டர், ஒங்க கால்ல ஒரு குத்தமும் இல்ல. நான் ஊத்துன ஆயில்தான். ஜூன்ல திறந்த பாட்டில். மழைக்காலம் பூரா அலமாரியில கிடந்தது."

சேட் முகம் எனக்குத் தெரியவில்லை, நான் பார்க்கவும் இல்லை. யூசுப் கீழே பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டார்: "எப்போ தெரியும் உங்களுக்கு?"

"நீங்க ஏறுததுக்கு முன்னாடி."

"அதனாலதான் மூணு ரவுண்டுன்னேளா?"

"ஆமா."

ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன். நான் அந்தச் சுவர்ல போய் இடிச்சு, என்னை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிண்டு போயிருந்தா, எல்லாரும் டாக்டரோட தப்புன்னே சொல்லியிருந்தா, நீங்க வாயைத் திறந்திருப்பேளா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு புருவத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சேட் என்னை வேலையிலிருந்து அனுப்பவில்லை. மூன்று மாதம் ஆயிலைத் தொட விடவில்லை, அவ்வளவுதான். அவன் முன்பே கேட்டும் நான் விரட்டியதைப் பற்றி அந்த மூன்று மாதமும் யூசுப் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே போய் மன்னிப்புக் கேட்டபோது, "டயர்ல காத்து இருக்கு அண்ணாச்சி, பாத்துட்டேன்," என்றான். அன்றிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் மிஞ்சின ஆயில் பாட்டில், வயிற்றில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு ஓட்டை வாங்கிக்கொண்டுதான் குப்பைக்குப் போகும். நீங்கள் சேர்ந்த முதல் நாளே அதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் என்று யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். இப்போது தெரிந்துகொண்டீர்கள்.

டாக்டர் வத்சலா கார் ஓட்டுவதை விடவில்லை. எங்களிடம் கொண்டுவருவதை விட்டுவிட்டார். சான்பாடாவில் ஒருவரிடம் கொடுக்கிறார், அந்த ஆள் நல்ல வேலைக்காரர் என்று கேள்வி. நான் ஓய்வு பெற்று செம்பூரில் இருக்கிறேன். காய் வாங்க மாட்டுங்கா மார்க்கெட்டுக்குத்தான் போவேன், நம் ஊர்க் காய் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும். அவரும் வருவார். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். கையில் ஒரு வாழைப்பூவை வைத்துப் புரட்டிக்கொண்டே, "என்ன முருகேசன், பதில் கிடைச்சுதா?" என்பார். "இன்னும் இல்ல டாக்டர்," என்பேன். தலையாட்டிவிட்டு வாழைப்பூவைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஐந்து வருஷமாக இதே பேச்சுதான்.

போன வாரம் கேட்டபோது வேறு பதில் சொன்னேன். அதற்கு முந்தைய ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். கையில் முருங்கைக்காயோடு நின்றேன், வாய் சொல்லிவிட்டது.

"சொல்லியிருக்க மாட்டேன் டாக்டர்."

அவர் வாழைப்பூவைக் கீழே வைத்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். உங்களுக்குத் தெரியணுமேன்னுதான் கேட்டுண்டே இருந்தேன்."

வீட்டுக்கு வந்து, முருங்கைக்காயை மனைவியிடம் கொடுத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.